பன்னிரண்டு சென்டிமீட்டர்

என்னுடைய பெட்டியைக் காப்பாற்றத்தான் ஏழுமலை வாய்க்காலுக்குள் திரும்ப இறங்கினார் என்று ஆறு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிற்காமல் நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன். சொல்லும்போது துக்கத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது. இதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்குப் பயமில்லை. விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் உட்கார்ந்திருப்பவனை இனி யாரும் வேலையிலிருந்து தூக்க முடியாது.

இதை எழுதச் சொன்னது என் பழைய ஆய்வுக்கூடத்தில் இப்போது வேலை பார்க்கும் பெண். போன மாதம் போன் செய்தாள். "சார், நீங்க எழுதின பழைய புரோகிராம தொறந்து பாத்துட்டிருக்கோம். ஒரு எடத்துல, 'இந்த வரியை அழிக்கும் முன் ஏழுமலையை நினைக்கவும்'னு குறிப்பு போட்டிருக்கீங்க. யாரு சார் அது? உங்களுக்கு மேல இருந்த இன்ஜினியரா?"

இல்லை அம்மா. வாய்க்கால் தூர் வாருகிறவர்.

என் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முத்தியால்பேட்டையில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை, பிறகு பாலிடெக்னிக், பிறகு ஆய்வுக்கூடத்தில் கெட்டுப்போன கருவிகளைத் திறந்து ஊதி மூடுகிற வேலை. புரோகிராம் எழுதுவதைப் புத்தகம் பார்த்துக் கற்றேன். பத்து வருடத்தை இந்த நாலு வரியில் அடக்கிவிடலாம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்தச் சில வருடங்களில், ஊரெங்கும் சென்சார் பெட்டிகள் மாட்டும் வேலை எங்களிடம் வந்தது. பெட்டி என்றால் சோற்று டப்பா அளவு. உள்ளே ஒரு சிப், ஒரு சின்ன ரேடியோ, இரண்டு பேட்டரி. வெளியே நீர்மட்டம், வெப்பம், சத்தம் அளக்கும் சென்சார்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு பெட்டி தனக்குத் தெரிந்ததைப் பக்கத்துப் பெட்டியிடம் சொல்லும், அது அடுத்ததிடம் சொல்லும், கடைசியில் எங்கள் அறையில் இருக்கும் திரையில் ஓர் எண்ணாக வந்து உட்காரும்.

அதுவரைக்கும் ஒரு வேலைக்கு ஒரு பெட்டி என்றுதான் வழக்கம். ஒரே விளக்குக் கம்பத்தில் மூன்று இலாகாக்களின் மூன்று பெட்டிகள், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி தொங்கும். ஒரே பெட்டியை எல்லோரும் பகிர்ந்துகொள்ளச் செய்வதுதான் எங்கள் வேலை. அதற்கான கருவியை எழுதியது நான். தேவைப்படுகிறவர் புரோகிராம் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. 'அரை நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டம் சொல். முப்பது சென்டிமீட்டரைத் தாண்டினால் கூப்பிடு' என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும். என் கருவி அதைச் சிப்புக்குப் புரிகிற பாஷையில் மாற்றும், பெட்டியில் இடம் இருக்கிறதா என்று பார்க்கும், காற்று வழியாகவே அனுப்பி உள்ளே குடி வைத்துவிடும்.

அதற்குச் 'சத்திரம்' என்று பெயர் வைத்தேன். யார் வந்தாலும் இடம் உண்டு. உள்ளே குடியிருக்கும் புரோகிராம்களுக்கு முறை பிரித்துக் கொடுக்க ஒரு துண்டுப் புரோகிராம் உண்டு. அதற்குப் பெயர் 'மணியக்காரர்'. மணியக்காரருக்கு நான் ஓர் உபசாரப் பழக்கமும் கற்றுக் கொடுத்திருந்தேன். யாராவது நீர்மட்டம் கேட்டு, அளப்பதற்கு இன்னும் முறை வரவில்லை என்றால், கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. கடைசியாக அளந்த எண்ணை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். அந்த நாலு வரியை எழுதிய நாளில் எனக்கு நானே டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

எங்கள் தலைவர் தெரேஸ் மேடம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். பழைய பியூன்கள் அவரை 'மதாம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறார் என்பதை வைத்து நாங்கள் கோபத்தை அளந்துகொள்வோம். அதற்கு மட்டும் சென்சார் தேவைப்படவில்லை. யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "எப்படித் தெரியும்?" 'திரையில் காட்டுகிறது' என்றால் அதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்.

அவர் ஒரு நடைமுறை வைத்திருந்தார். பகிர்ந்துகொள்ளும் பெட்டியில் புதிதாக ஒரு புரோகிராமை ஏற்றுவதற்கு முன், அதே பெட்டியில் ஏற்கெனவே குடியிருக்கும் ஒவ்வொரு புரோகிராமின் சொந்தக்காரரையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். போன் கூடாது. போய், 'இந்தப் பெட்டி ஒரு மணி நேரம் பேசாமல் போனால் உங்களுக்கு என்ன ஆகும்?' என்று கேட்க வேண்டும். அவர் சொல்வதை அவருடைய வார்த்தையிலேயே ஒரு நீள நோட்டில் எழுதி, கீழே கையெழுத்து வாங்க வேண்டும். காற்று வழியாக ஒரு நொடியில் ஏற்றிவிடுகிற புரோகிராமுக்காக நான் வெயிலில் மூன்று இடம் அலைவேன். அந்த நோட்டுக்கு நான் 'சம்மன்' என்று பெயர் வைத்திருந்தேன், மேடம் காதுக்கு எட்டாத தூரத்தில்.

பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிற அஞ்சலை அக்காவின் ஐஸ் பெட்டியில் எங்கள் பெட்டி ஒன்று இருந்தது. மாதக் கணக்கில் அதன் வெப்ப எண் அவ்வளவு அழகாக இருந்தது. ஒரு நாள் கையெழுத்துக்காகப் போனால் மீனெல்லாம் வெயிலில் கிடக்கிறது, எங்கள் பெட்டி மட்டும் ஐஸுக்குள் புதைந்து சுகமாக இருக்கிறது.

"இன்னாக்கா இது, மீன வெளிய போட்டுட்டு பெட்டிய உள்ள வச்சிருக்க?"

"நீதான தம்பி சொன்ன, இது சூடானா ஆபீசுல கேப்பாங்கன்னு. மீனு இன்னும் ஒரு மணி நேரத்துல வித்துடும். இது நெதம் இருக்கணும்ல?"

ஆபீசுக்கு வந்து இதை நடித்தே காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

"திரையில எவ்வளவு காட்டுச்சு?"

"நாலு டிகிரி மேடம்."

"பொய்யா?"

யோசித்தேன். "இல்ல மேடம். பெட்டிக்கு நாலு டிகிரிதான்."

"அதையும் நோட்ல எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எழுதினேன். எழுதியதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு மழைநீர் வாய்க்கால். ஒரு தெருவின் நீளத்துக்கு அது சாலைக்கு அடியில் மூடிய வாய்க்காலாக ஓடும். மழைக்காலத்துக்கு முன் ஆட்கள் அதற்குள் இறங்கித் தூர் வாருவார்கள். மேற்கே எங்காவது மழை கொட்டினால், இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே தண்ணீர் வந்து சேரும். அதனால் மூடிய பகுதி ஆரம்பிக்கும் வாயில், உள்பக்கமாக ஒரு கொக்கியில், நீர்மட்டம் அளக்கும் பெட்டியை மாட்டினோம். ஆட்கள் உள்ளே இருக்கும்போது எங்கள் அறையில் ஒருவர் திரை முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். எண் ஏறினால் மேஸ்திரிக்குப் போன் செய்ய வேண்டும். சந்தேகம் வந்தால் அவரும் எங்களைக் கூப்பிடுவார்.

மேஸ்திரி பெயர் கோவிந்தன். பெட்டி மாட்டிய அன்று நோட்டோடு போய்க் கேட்டேன்.

"ஒரு மணி நேரம் பேசலன்னா இன்னா ஆவும்? மேல வந்து பீடி புடிப்போம். அது பேசினாதான் நாங்க கீழ இருப்போம். எழுதிக்க."

எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினேன். அவர் ஆட்கள் நாலு பேரையும் நிற்க வைத்து ஒரு சொற்பொழிவும் செய்தேன். "பெட்டி பத்திரம். இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் தலை போயிடும்." நாலு பேரில் நெட்டையாக நின்றவர், பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வேலைக்கு வந்தவர், தலையை ஆட்டினார். அவர்தான் ஏழுமலை. "ஒன் தலை போனா வேற தலை மாட்டிக்கலாம் சார், கவலப்படாத" என்று வேறொருவர் சொன்னார். எனக்கும் அது பிடித்திருந்தது.

அதே பெட்டியில் இன்னொரு குடியும் இருந்தது. ஒரு கல்லூரி விரிவுரையாளரின் சாலை இரைச்சல் ஆய்வு. நொடிக்கு நாலு முறை சத்தத்தை அளந்துகொண்டு, யாருக்கும் தொந்தரவில்லாமல் கிடந்தது.

ஏழுமலை திரும்ப இறங்கிய நாள் காலை அந்த விரிவுரையாளர் போன் செய்தார். நொடிக்கு நாலு முறை போதவில்லை, ஹாரன் சத்தம் நழுவிப் போகிறது, நூறு முறையாக்க முடியுமா என்றார். மேடம் வெளியே ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். ஆட்கள் வாய்க்காலுக்குள் இருந்தார்கள். அன்று திரை முன்னால் உட்காரும் முறை எனக்கு. நோட்டு மேசை மேலேயே இருந்தது. ஆனால் விதி என்ன சொல்கிறது? புதிய புரோகிராமுக்குத்தான் நேரில் போய்க் கேட்க வேண்டும். இது புதிய புரோகிராமா? பழைய புரோகிராமில் ஓர் எண்ணை மாற்றுவது. நாலுக்குப் பதில் நூறு. நான் என்னிடமே வாதாடினேன், நானே தீர்ப்பும் சொன்னேன், எனக்குச் சாதகமாக. மாற்றி ஏற்றினேன். பெட்டி ஏற்றுக்கொண்டது.

அதற்குமுன் நீர்மட்டம் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினொன்று, பன்னிரண்டு என்று ஆடிக்கொண்டிருந்தது. ஓடுகிற தண்ணீர் அப்படித்தான் ஆடும். நான் மாற்றியபின் பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. பார்த்தேன். தண்ணீர் அடங்கிவிட்டது என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஒரு மணி நேரம் போயிருக்கும். மேஸ்திரி கூப்பிட்டார்.

"சார், எவ்வளவு?"

"பன்னண்டு."

"ஏறலயே?"

"அசையக்கூட இல்ல மேஸ்திரி. கல்லு மாதிரி நிக்குது. தாராளமா வேலையப் பாருங்க."

"சரி சார்."

வழக்கமாக வருகிற போன்தானே என்று வைத்துவிட்டேன்.

பத்து நிமிடத்துக்குள் மேடம் வந்தார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "வில்லியனூர்ப் பக்கம் நல்ல மழை" என்று குடையை மூலையில் வைத்தார். "தண்ணி எவ்வளவு?"

"பன்னண்டு மேடம்."

திரை அருகே வந்து குனிந்து பார்த்தார். "எவ்வளவு நேரமா பன்னண்டு?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. ஒரு மணி நேரமாகப் பன்னிரண்டு. நூறு முறை கேட்கிற புரோகிராம் மணியக்காரரை மூச்சு விடவே விடவில்லை. நீர்மட்டத்துக்கு முறையே வரவில்லை. கேட்கும்போதெல்லாம் என் மணியக்காரர் உபசாரமாகக் காலையில் அளந்த பன்னிரண்டையே எடுத்து எடுத்துப் பரிமாறிக்கொண்டிருந்தார்.

மேஸ்திரிக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மேடம் "போங்க" என்றார். போனேன். எப்படிப் போனேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கி, வண்டிச் சாவியை மேசையிலேயே விட்டுவிட்டதைக் கண்டு, திரும்ப ஏற மனமில்லாமல், ஹெல்மெட்டோடு ஓடினேன். நடுத்தெருவில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஒருவன் தொப்பையோடு ஓடினால் ஊர் என்ன நினைக்கும்? "வண்டிய எவனோ தள்ளிட்டுப் போயிட்டான் போல" என்று ஒரு பூக்காரம்மா பரிதாபப்பட்டார். ஒரு டீக்கடைக்காரர் என்னோடு கொஞ்ச தூரம் ஓடிவந்து, "எந்தப் பக்கம் போனான் சார்?" என்று கேட்டார். கை காட்டினேன். அவர் அந்தப் பக்கம் ஓடினார். வழியெல்லாம் நான் 'பன்னண்டு, பன்னண்டு' என்று சொல்லிக்கொண்டே ஓடியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

வாய்க்கால் அருகே போனபோது சிரிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. தண்ணீர் பழுப்பாக, வாயை அடைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. மூன்று பேர் மேலே நின்றார்கள். கொஞ்சம் தள்ளி, சாலை நடுவே இருந்த அடுத்த திறப்பில், மேஸ்திரியும் தெருக்காரர்களும் கயிறு போட்டு ஏழுமலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்தபோது அவருடைய வலது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இடது கையில் என் பெட்டியின் ஒயரைச் சுற்றிப் பிடித்திருந்தார். ஒயரின் முனையில் பெட்டி தொங்கியது. ஆட்டோவில் ஏற்றும்வரை அதை விடவில்லை. நான்தான் விரல்களைப் பிரித்து வாங்கினேன்.

அங்கேயே முடிவு செய்துவிட்டேன். என் தலை போய்விடும் என்று சொன்னேன் அல்லவா? அதற்காக இந்த மனிதர் திரும்ப உள்ளே போயிருக்கிறார்.

அடுத்த சில நாட்களில் நடந்தவை இரண்டு. ஒன்று, மணியக்காரரின் உபசாரத்தைப் பிடுங்கினேன். அளந்து ஒரு நிமிடத்துக்கு மேல் ஆன எண் எதுவாக இருந்தாலும் திரையில் வரக் கூடாது, அந்த இடம் காலியாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினேன். அந்தப் பெண் கேட்ட வரி அதுதான். பெயரைப் பக்கத்தில் சேர்த்தது பிறகு. மேடம் நோட்டை எடுத்து, 'பேசாமல் போனால்' என்ற கேள்விக்குக் கீழே தன் கையால் 'பழையதையே பேசினால்' என்று எழுதினார். "இத நான் கேட்டிருக்கணும்" என்றார். கண்ணாடியை அன்று வெகுநேரம் துடைத்தார். அந்தக் கோபம் என் மேல் மட்டுமில்லை என்பது புரிந்தது.

இரண்டாவது, வாய்க்கால் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. ஆட்கள் நாலு பேரும் வெள்ளம் வருமுன் தாங்களாகவே மேலே வந்துவிட்டார்கள் என்று விசாரணையில் தெரிகிறது. ஏழுமலை மட்டும் ஏன் திரும்ப இறங்கினார்? உங்களுக்குத் தெரிந்ததை எழுதி அனுப்பவும். இதற்கு என்ன அர்த்தம் என்று மேஸ்திரி எனக்கு விளக்கினார். "மேல வந்தவன் தானா எறங்கினான்னு ஆச்சுன்னா ஒழுங்கு மீறல் சார். பேர வெட்டிடுவாங்க. வேலைக்குப் போன எடத்துல ஆச்சுன்னு இருந்தா ஒக்காந்து பாக்குற வேலை எதாவது குடுப்பாங்க. அந்தக் கையோட வேற எங்க போவான்?" அவர் வேறு எதையோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். எனக்கு ஆறுதல் சொல்ல வந்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

பதிலை உருக்கமாக எழுதினேன். திரை தவறான எண்ணைக் காட்டியது உண்மை, ஆனால் ஆட்கள் அதற்குள் மேலே வந்துவிட்டார்கள். அரசாங்கப் பொருள் அழியக் கூடாது என்ற கடமையுணர்வோடு ஏழுமலை கருவியை மீட்க இறங்கினார். அவருக்குக் கருணை காட்ட வேண்டும். படித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. இன்னொன்றையும் கவனித்தேன். அந்தக் கடிதத்தின்படி என் தப்பால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மேடம் படித்தார். "எப்படித் தெரியும்?"

"பெட்டி அவர் கையில இருந்துது மேடம்."

"அவரக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. நோட்டை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

ஆஸ்பத்திரியில் ஏழுமலைக்கு ஜன்னலோரக் கட்டில். தோளிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டு. அவர் மனைவி ஸ்டூலை எனக்குத் தள்ளிவிட்டு வராந்தாவுக்குப் போனார்.

"வா சார். ஓடியாந்தியாமே அன்னிக்கு, ஹெல்மெட்டு போட்டுக்கிட்டு. மேஸ்திரி சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. எனக்குத்தான் சிரிச்சா வலிக்குது."

"ஒரு பெட்டிக்காக இப்படிப் பண்ணிட்டீங்களே ஏழுமலை."

"எந்தப் பெட்டி?"

"கையில புடிச்சிருந்தீங்களே."

"அதுவா. தண்ணி அடிச்சதும் கைக்கு ஆப்டதப் புடிச்சேன். உன் ஒயரு ஆப்டுச்சு. அந்த நேரத்துல பெட்டியாவது பானையாவது."

"அப்போ எதுக்குத் திரும்ப எறங்கினீங்க?"

"உனக்குத் தெரியாதா சார்? மேஸ்திரி சொல்லலியா?"

"இல்ல."

"மம்முட்டி, கூடை எல்லாம் கீழயே கெடந்துது. எடுத்துட்டு வரலாம்னுதான். எறங்கலாமா வேணாமான்னு பேச்சு வந்துது. மேஸ்திரி உன்னக் கேட்டாரு. நீதான பேசின."

நோட்டைத் திறந்தேன். முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். சொன்னார். நடுவில் நிறுத்தி, "இத எழுதினா உனக்கு ஒண்ணும் ஆவாதே சார்?" என்று கேட்டார்.

"தெரியல" என்றேன். "நீங்க சொல்லுங்க."

எழுதி முடித்ததை வாசித்துக் காட்டினேன். இடது கைப் பெருவிரலை வைத்தார். என் பழைய கடிதத்தை மேடம் கிழித்துப் போட்டார். நோட்டில் இருந்ததையே தட்டச்சு செய்து, அவரும் நானும் கையெழுத்துப் போட்டு வாய்க்கால் பிரிவுக்கு அனுப்பினோம். எனக்கு ஒரு கண்டனக் கடிதமும், ஆறு மாதம் கருவியைத் தொடக் கூடாது என்ற உத்தரவும் வந்தன. ஏழுமலைக்கு ஒரு மதகடியில் காவல் வேலை கொடுத்தார்கள். வலது கை தோளுக்கு மேல் எழும்பவே இல்லை.

நடந்தது இதுதான். மூடிய வாய்க்காலுக்குள் கரப்பான் பூச்சிகள் சுவரில் மேலே ஏற ஆரம்பித்தன. அவை ஏறினால் கீழே நிற்கக் கூடாது என்பது ஆட்களுக்குத் தெரியும். நாலு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். வந்தபின் மேஸ்திரி எனக்குப் போன் செய்தார். நான் பன்னிரண்டு என்றேன், அசையக்கூட இல்லை என்றேன், தாராளமாக வேலையைப் பாருங்கள் என்றேன். மிஷினே சொல்கிறது, கரப்பானுக்கு என்ன தெரியும் என்று சிரித்துக்கொண்டு ஏழுமலை திரும்ப இறங்கினார்.